எந்திரமும் ஆங்கில ஆசிரியரும்



2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், இனி ஆங்கில ஆசிரியர் எதற்கு எனச் சிலர் வினவுகின்றனர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை தேடும் நம் பிள்ளைக்கு விண்ணப்பத்தைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்துவிடும். நேர்காணலில் வாய் திறக்க வேண்டியவன் அவனன்றோ? பிழையாகப் பேசினால் நகைப்பார்களோ என்னும் அச்சமே அவன் நாவைக் கட்டுகிறது. அவ்வச்சத்தை முகத்தில் கண்டு, பொறுமையுடன் பேச வைப்பவர் ஆசிரியரே.

கி.பி. 624இல் பத்ருப் போரில் சிறைப்பட்டோருள், மீட்புத்தொகை செலுத்த இயலாத எழுத்தறிந்தோர், பத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றதாக வரலாறு கூறுகிறது. கற்பித்தலுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த மதிப்பு அத்தகையது.

ஆகவே, ஆங்கிலம் அறிந்த ஜமாஅத்தார்கள் வாரம் ஒரு மணி நேரமேனும் நம் பிள்ளைகளுடன் அமர்ந்து ஆங்கிலத்தில் உரையாட முன்வர வேண்டுகிறேன். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.