நம் நோயாளரை நாமே எழுதுவோம்

நரம்புச் சிதைவு நோய்கள் பற்றிய இக்கருத்தரங்குக்குத் தலைமை தாங்குகிறேன்.

கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்தத் திரிபிடகம் மாத்தளையின் இந்த அலுவிகாரையில்தான் ஓலையில் ஏறியது என்பது மரபு. பஞ்சமும் போரும் மனனம் செய்திருந்த பிக்குகளைக் கொண்டுபோயின. எஞ்சியோர் எழுதி வைத்தார்கள். நம் துறைக்கும் இன்று அந்தக் கடமை உண்டு. நம் மக்களிடம் இந்நோய்கள் எப்படித் தோன்றி வளர்கின்றன என்பதை நாமே பார்த்து எழுத வேண்டும்.

இந்நோய்கள் ஓசையின்றித் தொடங்குபவை. அல்சைமரில் அமிலாய்டு புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிகிறது. டௌ புரதம் அணுக்களுக்குள்ளே முறுக்கிக்கொள்கிறது. மறதி வெளிப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே இது தொடங்கிவிடுகிறது. பார்க்கின்சனில் நடுமூளையில் டோபமீன் சுரக்கும் அணுக்கள் மடிகின்றன. கை நடுங்கத் தொடங்கும்போதே அவற்றில் பெரும்பங்கு போயிருக்கும்.

கூர்ந்து பார்த்து எழுதுவதால் என்ன பயன் என்பதற்குச் சென்னையே சான்று. 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி என்ற மருத்துவர்கள், இளவயதினருக்கு வரும் இயக்க நரம்பணு நோயின் தனிப்போக்கை எழுதினார்கள். கைகால் மெலிவோடு முகமும் நாக்கும் தளர்கின்றன. பலருக்குக் காதும் கேளாமல் போகிறது. ஆனால் நோய் மெதுவாகவே முற்றுகிறது. மேலைநாட்டுப் பாடநூல்கள் காட்டாத இவ்வகையை இன்று உலகம் 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' என்றே அழைக்கிறது.

இலங்கையிலும் தொடக்கம் இருக்கிறது. றாகமையில் முதியோரிடையே நடந்து 2003இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு மறதிநோய் இருப்பதைக் காட்டியது. ஆனால் மாத்தளைத் தேயிலைத் தோட்டங்களின் லய வீடுகளில் வாழும் முதியோரை எந்த அளவுகோலால் அளக்கப்போகிறோம்? இப்போதைய சோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிறோம். ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறோம். பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டி இதில் தோற்பார். அவரிடமே காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போன காலம், கொழுந்து நிறுத்த விதம், பேரப்பிள்ளைகளின் பெயர் வரிசை என்று கேட்டுப் பாருங்கள், பிசகாமல் சொல்வார். சோதனையில் தோற்றதாலேயே அவருக்கு நோய் என்று சொல்லிவிட முடியாது. அதே வரிசை தடுமாறினால், அடுப்பில் வைத்த சோற்றை அடிக்கடி மறந்தால், பழகிய பாதையில் வழி தவறினால், அங்கே நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

"வயசு போனா அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். தைராய்டு குறைபாடு, பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதியைக் குணப்படுத்த முடியும். அதைத் தவறவிடுவது பெரும் அநீதி. குணமாகாத நோயிலும், பராமரிக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ முன்கூட்டியே விளக்கம் கிடைத்தால் அந்த வீட்டின் துயரம் ஓரளவு குறையும்.

ஆகவே, தோட்ட டிஸ்பென்சரியில் பயன்படுத்தக்கூடிய, எழுத்தறிவைச் சாராத ஒரு தமிழ் வினாநிரலை இந்த அமர்வுகள் வடிவமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.