சின்ன வேலைதான், ஆனா நம்ம வேலை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாடு வாங்கினது, கடையை வச்சு நிமிர்ந்தது, கடன் கட்டி முடிச்சதுன்னு பெரிய விஷயமெல்லாம் சொன்னாங்க. நான் பேசப்போறது எங்க வீட்டுக் கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பத்தி. சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

எங்க வீட்டுக் கழிப்பறை அரசாங்கம் குடுத்த 12,000 ரூபாயோட, குழுவுல வாங்கின கடனையும் சேர்த்துக் கட்டினது. மரச்சட்டத்துல தகரம் அடிச்ச கதவு, மர நிலை. உள்பக்கம் கம்பித் தாழ்ப்பாள். கம்பியை இழுத்தா நிலையில இருக்கிற துளைக்குள்ள போய் உக்காரும். கட்டின புதுசுல ஒரு விரலால தள்ளினாப் போதும்.

ரெண்டு மழைக்காலம் போச்சு. கதவு கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடுச்சு. வாசல்படி சிமெண்டுல வளைவா ஒரு கோடு விழுந்திருந்தது. தினமும் அதை நான் பாத்தேன். பாத்துக்கிட்டே காலால எத்திச் சாத்திக்கிட்டும் இருந்தேன். வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. தீபாவளிக்கு வரும்போது சரி பண்ணுவார்னு விட்டுட்டேன். தப்பு என் மேலதான்.

ஐப்பசி மாசம், நல்ல மழை, சாயங்காலம் ஆறு மணி இருக்கும். எங்க அத்தை, அதாவது என் மாமியார், உள்ளே போனாங்க. அவங்களுக்கு எழுபது வயசு, முழங்கால் வலி. போய்ட்டு வர்ற நேரத்துல தாழ்ப்பாள் திறக்கலை. கம்பி நகரவே இல்லை. "ஏ புள்ள, ஏ புள்ள"ன்னு கூப்பிட்டிருக்காங்க. மழைச் சத்தத்துல எனக்குக் கேக்கலை. சொம்பால தகரத்தைத் தட்டின பிறகுதான் ஓடினேன்.

கதவைப் பிடிச்சு இழுத்தேன். இழுக்க இழுக்க கம்பி இன்னும் இறுகிப்போச்சு. அக்கம்பக்கத்துல ஆம்பளைங்க யாரும் இல்லை. உள்ளே அத்தை அழ ஆரம்பிச்சுட்டாங்க. அப்பத்தான் அந்தக் கோடு கண்ணுல பட்டது. கதவு கீழே இறங்கி இருக்குது, அதனால கம்பியும் இறங்கி, துளையோட அடி விளிம்புல மாட்டிக்கிட்டு இருக்குது. அப்ப இழுக்கக் கூடாது, தூக்கணும்.

கடப்பாரையைக் கதவுக்கு அடியில குடுத்து மெதுவா நெம்பினேன். "அத்தை, நான் தூக்குறேன், நீங்க இப்ப கம்பியை இழுங்க"ன்னு சொன்னேன். டக்குன்னு வந்துடுச்சு. அரை மணி நேரம் எங்களை அழ வச்சது அரை அங்குலத் தூக்கல்ல தீர்ந்துபோச்சு.

ஆனா விஷயம் அதோட முடியலை. மறுநாள்லேருந்து அத்தை தாழ்ப்பாள் போட மாட்டேன்னுட்டாங்க. கதவைச் சும்மா சாத்திட்டு, பேத்தியை வெளியே காவல் நிறுத்துவாங்க. அந்தப் பொண்ணு ஒன்பதாவது படிக்குது. தாழ்ப்பாள் போட அதுக்கும் பயம், போடாம உக்காரவும் கூச்சம். பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துவிட்ட தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வந்தது. வீட்டுலயும் குடிக்கலை. கேட்டா, "அடிக்கடி போக வேண்டாம்ல"ங்குது. கடன் வாங்கிக் கழிப்பறை கட்டினது எதுக்கு? மறைவுக்குத்தானே? அந்த மறைவு ஒரு சாண் கம்பியிலதான் இருக்குதுன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது.

தச்சு வேலை பாக்கிறவருக்குப் போன் பண்ணினேன். "சின்ன வேலைம்மா, அந்தப் பக்கம் வரும்போது பாக்கிறேன்"னார். அவரைக் குத்தம் சொல்லலை. அம்பது ரூபா வேலைக்கு அவர் பெட்ரோல் போட்டு வர முடியாது. ரெண்டு வாரம் ஆச்சு. அதுக்கு மேல நான் காத்திருக்கலை.

குழுக் கடன்ல வாங்கின தையல் மிஷின் டிராயர்ல சின்னத் திருப்புளியும் மிஷின் எண்ணெயும் இருந்தது. பெரிய திருப்புளியைப் பக்கத்து வீட்டு மோட்டார் ரிப்பேர் பாக்கிற தம்பிகிட்ட வாங்கினேன். நான் செஞ்சதை வரிசையாச் சொல்றேன், உங்க வீட்டுக்கு உதவும்.

முதல்ல கோளாறு எங்கேன்னு பாக்கணும். கதவைக் கைப்பிடியில பிடிச்சு லேசாத் தூக்கிக்கிட்டே தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்க. தூக்கும்போது சுலபமாப் போனா, குத்தம் தாழ்ப்பாள்ல இல்லை, கீல்ல இருக்குது. எங்க வீட்டுலயும் அதான். மேல் கீல்ல ரெண்டு ஸ்க்ரூ சும்மா சுத்துது, பிடிப்பே இல்லை. துளை பெருசாயிடுச்சு.

கதவுக்கு அடியில பலகை வச்சு, சரியான உயரத்துக்கு முட்டுக் குடுத்தேன். எல்லா ஸ்க்ரூவையும் ஒரே நேரத்துல கழட்டிடாதீங்க, கதவு மேல விழுந்துடும். பிடிப்பில்லாத ஸ்க்ரூவை மட்டும் கழட்டினேன். தீக்குச்சியோட மருந்து முனையை ஒடிச்சுப் போட்டுட்டு, குச்சியைப் பெவிகால்ல தோய்ச்சு, துளை நிறையுற அளவுக்கு ரெண்டு மூணு அடிச்சேன். ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். காலையில நீட்டிக்கிட்டு இருந்த குச்சியை பிளேடால சீவிட்டு, அதே ஸ்க்ரூவை முறுக்கினேன். கடிகார முள் போற பக்கம் சுத்தினா இறுகும். நல்லாக் கடிச்சுக்கிச்சு.

அப்புறமும் கம்பி எங்கேயோ லேசா உரசுச்சு. எங்கேன்னு கண்ணுக்குத் தெரியலை. என் பொண்ணுதான் ஒரு யோசனை சொல்லுச்சு. கம்பி முனையில கண்மை தடவித் தள்ளிப் பாத்தோம். துளையோட அடியில கறுப்பா ஒட்டியிருந்தது. அந்த இடத்துல மட்டும் ஒரு நூல் அளவு அரத்தால ராவினேன். முடிஞ்சது.

கடைசியா கம்பியில இருந்த துருவை உப்புத்தாளால தேய்ச்சுத் துடைச்சு, மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் இழுத்தேன். தேங்காய் எண்ணெய் விடாதீங்க. நான் முன்னாடி அதைத்தான் விட்டிருந்தேன். குளிர்ல உறைஞ்சு, தூசியைப் பிடிச்சுப் பிசினாட்டம் ஆகிடுது. சுத்தியலால அடிக்கவும் கூடாது. கம்பி வளைஞ்சா அப்புறம் புதுசுதான் வாங்கணும்.

அடுத்த குழுக் கூட்டத்துல இதைச் சொல்லிட்டு, "யார் யார் வீட்டுல தாழ்ப்பாள் சரியா விழலை?"ன்னு கேட்டேன். ஏழு பேர் கை தூக்கினாங்க. ஒரு அக்கா கயிறு கட்டி வச்சிருக்காங்க. இன்னொரு தங்கச்சி உள்ளே உக்காந்துக்கிட்டே ஒரு கையால கதவைப் பிடிச்சுக்குமாம், மூணு வருஷமா. யாரும் வெளியே சொன்னதில்லை. ஏன்னா அது "சின்ன விஷயம்".

ஏழு வீட்டுக்கும் போனோம். நாலு வீட்டுல கீல். ரெண்டு வீட்டுல துருவும், தாழ்ப்பாள் மேலேயே அடிச்ச பெயிண்டும். ஒரு வீட்டுல மழையில கதவு ஊறிப் பருத்திருந்தது. அதை உடனே இழைக்கக் கூடாது, வெயில் அடிச்சுக் காய்ஞ்சா தானாச் சுருங்கும். அதுவரைக்கும் உரசுற இடத்துல மெழுகுவத்தியைத் தேய்ச்சு விட்டோம். நிலையே உளுத்துப்போயிருந்தா மட்டும் ஆசாரியைக் கூப்பிடணும். அது நம்ம வேலை இல்லை.

கூட்டமைப்புகிட்ட எனக்கு ரெண்டு கோரிக்கை இருக்குது. ஒண்ணு, கூட்டமைப்பு அலுவலகத்துல ஒரு கருவிப் பெட்டி வாங்கி வைங்க. பெருசும் சிறுசுமா ரெண்டு திருப்புளி, ஒரு குறடு, ஒரு சுத்தியல், ஒரு உருண்டை அரம், உப்புத்தாள், மிஷின் எண்ணெய். நோட்டுல கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போறோம், திருப்பி வைக்கிறோம். கடனையே தவறாமக் கட்டுறவங்க திருப்புளியையா குடுக்காம இருப்போம்?

ரெண்டாவது, மாசக் கூட்டத்துல சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிஞ்ச பிறகு, "உங்க வீட்டுக் கழிப்பறைக் கதவு சாத்துதா, திறக்குதா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. வயசானவங்களும் வயசுப் பொண்ணும் இருக்கிற வீட்டுல முதல்ல கேளுங்க.

எங்க அத்தை இப்ப உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுறாங்க. போட்டதும் ஒரு தடவை திறந்து பாத்துட்டு, மறுபடியும் போடுறாங்க. அந்தப் பயம் இன்னும் முழுசாப் போகலை. ஆனா பேத்தியைக் காவலுக்குக் கூப்பிடுறதில்லை. பொண்ணோட தண்ணி பாட்டிலும் இப்ப காலியாத்தான் வீட்டுக்கு வருது.