குடியிருப்புத் தெருக்களில் வாகன வேகமும் குழந்தைகளின் பாதுகாப்பும்

(அரசு அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் பங்கேற்ற கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாலைப் பாதுகாப்பு என்றவுடன் நம் எண்ணம் நெடுஞ்சாலைகளின்பால் செல்வது இயல்பு. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. அடுத்த ஆண்டில் இத்தொகை 1.72 லட்சத்தையும் தாண்டிற்று. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய, மாநில நெடுஞ்சாலைகள் சிறு பங்கே. எனினும் 2022இல் நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழ 60 சதவிகிதம் அவற்றில்தான் நிகழ்ந்தன. ஆதலின் திட்டமிடுவோர் கவனம் அங்கே குவிவதைக் குறைகூற இயலாது.

ஆயினும் அதே அறிக்கையில் 'பிற சாலைகள்' என்ற தலைப்பின்கீழ் 66,441 மரணங்கள் காட்டப்பட்டுள்ளன. மாவட்டச் சாலை, கிராமச் சாலை, நகரத்துப் பெருவீதி, நம் வீட்டு வாசலில் உள்ள தெரு ஆகிய யாவும் இத்தலைப்பில் அடங்கும். அவ்வாண்டில் இறந்தோருள் 32,825 பேர் பாதசாரிகள். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் 9,500க்கும் மேற்பட்டவர்; அதாவது நாளொன்றுக்குச் சுமார் 26 பேர். விபத்துகளில் 72 சதவிகிதத்திற்கு மிகை வேகமே காரணமெனப் பதிவாகியுள்ளது. இம்மூன்று எண்களும் சந்திக்கும் இடங்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது குடியிருப்புத் தெரு.

தெருவின் பயன் மாறிய விதம்

1951ஆம் ஆண்டில் நாட்டில் பதிவு பெற்றிருந்த மோட்டார் வாகனங்கள் சுமார் 3 லட்சம். 1981இல் அவை 54 லட்சம் அளவை எட்டின. 2020 மார்ச் இறுதியில் அவற்றின் எண்ணிக்கை 32 கோடியைக் கடந்துவிட்டது. தெருக்களோ அகலவில்லை. வீட்டுக்கு ஒரு சைக்கிள் நிற்கும் காலத்தில் வகுக்கப்பட்ட குடியிருப்புகளில் இன்று தெருவின் இரு ஓரமும் கார்கள் நிற்கின்றன. நடுவே எஞ்சும் பாதையில்தான் வாகனமும் ஓட வேண்டும், பால் வாங்கக் கடைக்குப் போகும் சிறுவனும் நடக்க வேண்டும், பந்து விளையாடும் பிள்ளைகளும் ஓட வேண்டும். இவர்களுள் யாருக்கு முதலுரிமை என்பதை எவரும் கூடித் தீர்மானித்ததில்லை. எடை மிகுந்தவன் தீர்மானித்துக்கொண்டான்.

நம் நாட்டில் இதனை முன்னரே சிந்தித்தவர்கள் இல்லாமலில்லை. 1950களில் சண்டீகர் நகரை வகுத்த லெ கார்புசியே, சாலைகளை ஏழு வகையாகப் பிரித்தார். விரைவு வாகனங்கள் செல்லும் சாலைகள் செக்டார்களைச் சுற்றி வெளியே ஓடும். அவற்றின்மீது எந்த வீட்டின் வாசலும் திறக்காது. செக்டாருக்குள் இருப்பவை மெதுவாகச் செல்வதற்கான தெருக்கள். வேகமும் வீட்டு வாசலும் ஒரே இடத்தில் இருக்கலாகாது என்பதே அதன் உட்பொருள். புதிதாக ஒரு நகரை எழுப்பும்போது இது எளிது. நம் மக்களுள் மிகப் பெரும்பாலோர் அவ்வாறு வகுக்கப்படாத ஊர்களில் வாழ்கின்றனர். அவர்களுக்குச் சாலையை இடம் மாற்றிக் கொடுக்க முடியாது. வேகத்தை மட்டுமே மாற்ற முடியும்.

பதினான்கு மீட்டர்

வேகம் என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 8.3 மீட்டர் செல்கிறது; 50 கி.மீ. வேகத்தில் 13.9 மீட்டர். நிறுத்தப்பட்டுள்ள இரு கார்களின் இடையிலிருந்து ஒரு குழந்தை ஓடி வருவதாகக் கொள்வோம். அதைக் கண்டு, உணர்ந்து, ஓட்டுநரின் கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு விநாடி ஆகும். இது விழிப்புடன் இருப்பவருக்கான கணக்கு, கைப்பேசியைப் பார்ப்பவருக்கானதன்று. உலர்ந்த சாலையில் நல்ல பிரேக்குடன் 30 கி.மீ. வேகக் கார் அதன் பின் சுமார் 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் 13 மீட்டர் சொச்சம். 50 கி.மீ. வேகத்தில் வந்த காரோ அந்த 13 மீட்டரைக் கடக்கும்போது இன்னும் பிரேக்கே பிடிக்கத் தொடங்கியிராது.

குழந்தை 14 மீட்டர் தொலைவில் தோன்றினால், முதல் கார் குழந்தைக்கு முன்னால் நிற்கும். இரண்டாவது கார் வேகம் சற்றும் குறையாமல் மோதும். 50 கி.மீ. வேகத்தின் மோதல் ஆற்றல் 30 கி.மீ. வேகத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 2.8 மடங்கு என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இரு ஓட்டுநர்களின் திறமையிலும் நல்லெண்ணத்திலும் வேறுபாடு எதுவுமில்லை என்பது கவனிக்கத்தக்கது. 'நான் கவனமாகத்தான் ஓட்டினேன்' என்று இரண்டாமவர் காவல் நிலையத்தில் கூறுவது உண்மையாகவே இருக்கலாம்.

இனி, பொருளாதார மாணவர்கள் கேட்க வேண்டிய வினாவுக்கு வருவோம். இவ்வேகத்தால் கிடைக்கும் ஆதாயம் என்ன? குடியிருப்புத் தெருவில் ஒருவர் ஓட்டும் தூரம் அரை கிலோமீட்டர் என்று வையுங்கள். 30 கி.மீ. வேகத்தில் அதற்கு ஆகும் நேரம் 60 விநாடி, 50 கி.மீ. வேகத்தில் 36 விநாடி. மிச்சப்படுவது 24 விநாடி. தெருமுனைக்கு வந்ததும் போக்குவரத்து விளக்கின் அருகே அவர் நின்று செலவிடும் நேரம் பெரும்பாலும் இதைவிட அதிகம்.

தனியார் செலவுக்கும் சமூகச் செலவுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைப் பிகு என்னும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1920இல் விரிவாக ஆராய்ந்தார். தொழிற்சாலைப் புகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் கற்பிப்பது நம் வகுப்பறை வழக்கம். தெருவில் ஓடும் வாகனம் இதற்கு இன்னும் துலக்கமான சான்று எனக் கருதுகிறேன். 24 விநாடி ஆதாயம் முழுவதும் ஓட்டுபவருக்கு. அதற்கான இடர் முழுவதும் அந்தப் பேரத்தில் பங்குகொள்ளாத ஒரு குழந்தைக்கு. அக்குழந்தையிடம் விலை கூறும் ஆற்றலோ, மறுக்கும் ஆற்றலோ இல்லை.

அதிலும் எல்லாக் குழந்தைகளும் சமமாக இவ்விடரைச் சுமப்பதில்லை. சுற்றுச்சுவரும் காவலாளியும் உள்ள அடுக்ககத்துக் குழந்தைக்குப் பூங்கா உண்டு. வீடு கட்டுமிடத்தில் மணற்குவியலின் அருகே விளையாடும் கட்டடத் தொழிலாளியின் குழந்தைக்கும், வீட்டு வேலைக்கு வரும் தாயுடன் வந்து வெளியே காத்திருக்கும் குழந்தைக்கும் தெருவைத் தவிர வேறு இடமில்லை. விபத்தில் ஊனமுற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாய் வேலையை விட நேர்ந்தால், அக்குடும்பம் எழுந்து நிற்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை நம் நலத்திட்டக் கோப்புகளைப் பார்க்கும் அலுவலர்கள் அறிவர்.

குழந்தைக்குக் கற்பிப்பது போதுமா?

சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் பள்ளிகளில் ஓவியப் போட்டி நடத்துகிறோம். வலப்புறம் பார், இடப்புறம் பார் என்று கற்பிக்கிறோம். அது வேண்டியதே. ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு வரும் வாகனத்தின் வேகத்தையும் தொலைவையும் சரியாக மதிப்பிடும் திறன் இன்னும் முதிரவில்லை. நிற்கும் காருக்கு மேலாக எட்டிப் பார்க்கும் உயரமும் அதற்கில்லை. பந்தின்பின் ஓடும்போது கற்ற பாடம் நினைவில் நிற்பதுமில்லை. பாதுகாப்பின் பொறுப்பை மிகக் குறைந்த ஆற்றல் உடையவர்மீது முதலில் ஏற்றுவது நல்ல நிர்வாகம் ஆகாது. பொறுப்பு ஓட்டுநர் உரிமம் பெற்றவரிடம் தொடங்க வேண்டும்.

1997 நவம்பரில் டில்லி வஜீராபாத்தில் பள்ளிப் பேருந்து யமுனையில் வீழ்ந்து 28 குழந்தைகள் மாண்டனர். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளில், பள்ளிப் பேருந்துகள் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாவண்ணம் கருவி பொருத்தப்பட வேண்டும் என்பதும் ஒன்று. பேருந்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அதனால் காப்பு கிடைத்தது. பேருந்திலிருந்து இறங்கி வீட்டு வாசலை அடையும் இருநூறு அடிக்கு யார் பொறுப்பு?

நெதர்லாந்து நாட்டின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. இன்று சைக்கிளுக்குப் பெயர்பெற்ற அந்நாட்டில் 1971ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் இறந்தனர். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற முழக்கத்துடன் பெற்றோர் தெருவில் இறங்கினர். 1976இல் 'வூனெர்ஃப்' எனப்படும் தெரு வகைக்கு அங்கே சட்ட வடிவம் தரப்பட்டது. குடியிருப்போரின் முற்றம் என்று அதனைத் தமிழில் கூறலாம். அதனுள் நுழையும் வாகனம் நடப்பவரின் வேகத்திலேயே செல்ல வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்டது. அந்நாட்டின் செல்வத்தோடு நம்மை ஒப்பிடுவது பொருந்தாது என்பர் சிலர். ஒரு தெருவில் மெதுவாகச் செல்வதற்கு அன்னியச் செலாவணி தேவையில்லை என்பதே என் விடை.

2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக மாநாடு, நடப்போரும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கி.மீ. உச்ச வரம்பு வேண்டுமென அறிவித்தது. டில்லிப் போக்குவரத்துக் காவல் துறை 2021 ஜூனில் குடியிருப்புப் பகுதித் தெருக்களுக்கும், சென்னைக் காவல் துறை 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளுக்கும் இதே வரம்பை விதித்தன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, குறிப்பிட்ட பகுதிகளில் குறைந்த வேக வரம்பை விதிக்க மாநில அரசுக்கும் அது அதிகாரமளிக்கும் அலுவலருக்கும் இடமளிக்கிறது. ஆகவே புதிய சட்டத்திற்காக எந்த ஊரும் காத்திருக்க வேண்டியதில்லை.

வரம்பும் வேகத்தடையும்

அறிவிப்புப் பலகை மட்டும் வேகத்தைக் குறைத்துவிடாது என்பது மெய்தான். ஒவ்வொரு சந்துக்கும் ஒரு காவலரை நிறுத்தவும் இயலாது. தெருவின் அமைப்பே வேகத்தைத் தடுக்க வேண்டும். இங்கேதான் வேகத்தடை பற்றிய பூசல் எழுகிறது. ஆம்புலன்சு செல்ல முடியவில்லை, முதுகெலும்பு தேய்கிறது என்று குடியிருப்போர் முறையிடுகின்றனர். முறையீட்டில் நியாயம் உண்டு. அவர்கள் வாசலில் கிடப்பது வேகத்தடையே அன்று. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட நெறிமுறை, வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் கொண்ட, மெல்ல வளைந்த மேட்டைக் கூறுகிறது. 25 கி.மீ. வேகத்தில் அதன்மீது ஏறி இறங்குபவருக்குத் துன்பமில்லை. விரைந்து வருபவருக்கே அதிர்வு. நம் தெருக்களிலோ ஓர் இரவில் தாரைக் குவித்து முழ அகலத்தில் வரப்புக் கட்டிவிடுகிறார்கள். மெதுவாக வரும் ஸ்கூட்டர்காரரை அது தூக்கி எறிகிறது. பெருஞ்சக்கர ஜீப்பு அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிவிடுகிறது. வண்ணம் பூசாமையால் இரவில் அதுவே ஒரு விபத்துக் காரணம். நகராட்சிப் பொறியாளர் அந்நெறிமுறையையும், அதன்பின் 2018இல் விரிவாக்கப்பட்ட பதிப்பையும் எடுத்துப் பார்த்தால் இப்பூசலில் பாதி தீரும்.

ஓட்டுவோர் செய்யத்தக்கவையும் சில உண்டு. பின்னோக்கி வரும் வண்டியின் பின்னால் நிற்கும் சிறு குழந்தை கண்ணாடியில் தெரிவதில்லை. தண்ணீர் லாரி, பள்ளி வேன், குப்பை வண்டி ஆகியவற்றை உதவியாளர் ஒருவர் இறங்கி நின்று பார்க்காமல் பின்னால் எடுக்கலாகாது. சொந்தக் காரை வாசலிலிருந்து எடுப்பவரும் ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பது நலம். பதினைந்து வயதுப் பையனிடம் 'தெருவுக்குள்ளேதானே' என்று சாவியைக் கொடுக்கும் பெற்றோர், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் 199-ஏ பிரிவை அறிய வேண்டும். சிறுவன் புரியும் குற்றத்திற்குப் பெற்றோரும் வாகன உரிமையாளரும் குற்றவாளியாகக் கருதப்படுவர். தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் ஆகும். சட்டத்தின் பார்வையில் தெருவுக்குள் என்பதும் சாலையே.

வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் இளைஞர்களைப் பலரும் குறைகூறக் கேட்கிறேன். எத்தனை முறை கொண்டுசேர்க்கிறாரோ அத்தனைக்கே கூலி என்று ஏற்பாடு செய்துவிட்டு, வேகத்திற்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது பொருந்தாது. இதையே அலுவலக நண்பர்களுக்கும் கூறுவேன். அரசுக் காரை ஓட்டுபவர் காலை 9 மணிக்கு நம் குடியிருப்புத் தெருவில் விரைகிறார் என்றால், அந்த அவசரம் பெரும்பாலும் பின்னிருக்கையில் கோப்புடன் அமர்ந்திருப்பவருடையது. ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவது எந்த ஓட்டுநருக்கான பயிற்சி முகாமைக் காட்டிலும் பயன் தரும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தந்து முடிக்கிறேன். உங்கள் தெருவில் நேரான ஒரு பகுதியில் 50 மீட்டர் அளந்து இரு முனைகளிலும் சுண்ணக்கட்டியால் கோடிடுங்கள். கைப்பேசியிலுள்ள விநாடிக் கடிகாரம் போதும். ஆறு விநாடிக்குள் இத்தூரத்தைக் கடக்கும் வாகனம் 30 கி.மீ. வேகத்தை மீறுகிறது. பள்ளி விடும் நேரம், மாலை விளையாட்டு நேரம், ஞாயிறு காலை என மூன்று வேளைகளில் ஒவ்வொரு மணி நேரம் எண்ணுங்கள். இருவராகச் செல்லுங்கள், நடைபாதையிலோ வாசற்படியிலோ நின்று எண்ணுங்கள். கார், இருசக்கர வாகனம், வேன், அரசு வண்டி என வகை பிரித்து எழுதுங்கள். வண்டி எண்கள் வேண்டாம். மொத்த எண்ணிக்கையையும் மீறிய எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதி, தெருவின் பெயருடன் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அதைப் பெறும் மேசைகளில் சிலவற்றிலாவது இன்று என் முன்னே அமர்ந்திருக்கும் அலுவலர்கள் இருப்பார்கள்.