பாத்திரம் அறிந்து காந்தம் இடு!

(வேங்கிக்காலில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேதியியல் ஆய்வகத்தில் காந்தக் கலக்கியைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு காந்தம் சுற்றும். குடுவைக்குள் டெஃப்ளான் உறை போட்ட காந்தத் துண்டும் கூடவே சுற்றும். அமெரிக்காவில் ஆர்தர் ரோசிங்கர் 1944-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பழைய கம்ப்யூட்டர் விசிறியின் நடுவில் இரண்டு காந்தங்களை, ஒன்றின் வடமுனையும் மற்றதன் தென்முனையும் மேலே பார்க்க ஒட்டினால், நம்ம பிள்ளைகளே இதைச் செய்துவிடலாம்.

"சார், கண்ணாடிக்குப் பதிலா உலோகப் பாத்திரத்தில் சூடான திரவத்தைக் கலக்கலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. பதில் பாத்திரத்தில்தான் இருக்கிறது.

இரும்புச் சட்டி உதவாது. காந்தப்புலத்தை அதுவே விழுங்கிவிடும். துண்டும் அடியில் ஒட்டிக்கொள்ளும். இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரமும் அப்படித்தான். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. ஆனால் சுழலும் காந்தம் அதில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும், அது பிரேக் போடும். 1824-இல் அரகோ செம்புத் தட்டில் கண்ட விந்தை இதுவே. 1831-இல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்த பிறகே காரணம் விளங்கியது. காந்தம் ஒட்டாத எவர்சில்வரில் இந்த மின்னோட்டம் அலுமினியத்தில் இருப்பதில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஆகவே கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்!

அடுத்தது சூடு. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியசுக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். தண்ணீர் கொதிப்பதோ 100-இல். எனவே உள்ளே போடும் துண்டு அல்நிகோவாக இருக்கட்டும். அது 500 டிகிரி வரை தாங்கும். விசிறியை அடுப்புக்கு அடியில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உருகிவிடும். திரவத்தைச் சூடாக்கி, இறக்கி, நடுவே மெல்லிய மைக்கா தகடு வைத்துக் கலக்குங்கள். இடைவெளி கூடினால் துண்டு பிடி விட்டுவிடும். களி, கூழ் மாதிரி கெட்டியானவற்றுக்கு இது சரிப்படாது. மேலிருந்து துடுப்பு போட்டுத்தான் கிண்ட வேண்டும். இன்னொன்று: ஆய்வகத் துண்டு சமையல் பாத்திரத்துக்குள் போகவே கூடாது, அமிலம் உலோகப் பாத்திரத்துக்குள் வரவும் கூடாது.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீங்க. அதில் விசிறி இருக்கிறது, ஹார்டு டிஸ்கில் காந்தம் இருக்கிறது. கல்லூரிக்குக் கொடுங்கள். 'கருவி இல்லை' என்று செய்முறை வகுப்பில் எந்தப் பிள்ளையும் கைகட்டி நிற்க வேண்டாம்.