ஊருக்குப் போனா முதல்ல துக்க வீடு

இந்த எபிசோடு ரெண்டு வாரம் லேட். ஜனவரியில 16 நாள் ஊருக்குப் போயிருந்தேன், டொரண்டோவுலேர்ந்து கடலூருக்கு. திரும்பி வந்ததுலேர்ந்து ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான்: வெகேஷன் எப்படி இருந்துச்சு?

நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது வெகேஷனான்னு கேட்டா எனக்குப் பதில் தெரியல. சில்வர் பீச் சூரிய உதயம், பிச்சாவரம் படகு, சிதம்பரம் கொத்சு, இதையெல்லாம் பேச ஆயிரம் சேனல் இருக்கு. (கொத்சு பத்தி ஒரே வரி: கத்திரிக்காயைச் சுடாம வெச்சது கொத்சுவே இல்ல. சண்டைக்கு வரவங்க கமெண்ட்ல வாங்க.) நான் இன்னைக்குப் பேசப் போறது யாரும் ரீல்ஸ் போடாத ஒரு விஷயம். துக்கம் கேக்கப் போறது.

வெளியூர்ல இருக்கறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். நாம இல்லாதப்ப சொந்தத்துலயோ பழக்கத்துலயோ ஒருத்தர் இறந்துட்டா, அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அந்த வீட்டுப் படியேறி விசாரிச்சிட்டு வரணும். போன்ல பேசினது கணக்குல வராது. வாட்ஸ்அப்ல கண்ணீர் அஞ்சலி படத்துக்குக் கீழ கைகூப்பின எமோஜி போட்டது சுத்தமா வராது. நான் கடைசியா ஊருக்குப் போனது 2023 ஆகஸ்ட்ல. அதுக்கப்புறம் 5 சாவு. பால் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல அம்மா லிஸ்ட் எழுதி வெச்சிருந்தாங்க. மூணு வீடு கடலூர்ல, ஒண்ணு பண்ருட்டியில, ஒண்ணு சிதம்பரத்துல.

அதுக்கு ரூல்ஸும் இருக்கு. எங்க வீட்டு ரூல்ஸைச் சொல்றேன், உங்க வீட்டுல வேற மாதிரி இருக்கலாம். செவ்வாய், வெள்ளி போகக் கூடாது. அமாவாசை அன்னைக்குக் கூடாது. துக்க வீட்டுக்குப் போயிட்டு அன்னைக்கே இன்னொரு வீட்டுக்கோ கோயிலுக்கோ போகக் கூடாது, வந்து குளிக்கணும். வெறுங்கையோட போகணும், ஸ்வீட் பாக்கெட், சாக்லேட் எதுவும் கூடாது. கிளம்பும்போது "போயிட்டு வரேன்"னு சொல்லக் கூடாது. எழுந்து, செருப்பை மாட்டிட்டு வந்துடணும்.

இப்ப கணக்குப் போடுங்க. மொத்தம் 16 நாள். வந்த நாளும் கிளம்பற நாளும் போச்சு. வந்த மறுநாளே தை அமாவாசை. ரெண்டு செவ்வாய், ரெண்டு வெள்ளி. நடுவுல சித்தி பொண்ணு கல்யாணம், அதுக்கு ரெண்டு நாள். மீதி 7 நாள். கிளம்பற அன்னைக்குத் தைப்பூசம் வேற, நம்ம மாவட்டத்துல பாதி பஸ் வடலூருக்குத்தான் போகும். ஸ்பிரிண்ட் பிளானிங்ல கூட இவ்வளவு டிபென்டன்சி நான் பார்த்ததில்ல. அம்மா அதை அஞ்சு நிமிஷத்துல, டெய்லி ஷீட் காலண்டரைப் பார்த்தே முடிச்சிட்டாங்க.

"சாவுக்கே வந்துட்டுப் போயிருக்கலாமே"ன்னு கேப்பாங்க. டொரண்டோவுலேர்ந்து சென்னைக்கு நேர் ஃபிளைட் கிடையாது. ஒரு நாள் முழுசா அதுலயே போயிடும், அப்புறம் சென்னையிலேர்ந்து கடலூர் நாலஞ்சு மணி நேரம். பிள்ளை வெளிநாட்டுலேர்ந்து வரணும்னா ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து வெப்பாங்க. ஆனா அது பெத்த பிள்ளைக்குத்தான். நண்பனோட அப்பா, பெரியம்மா வீட்டுக்காரர், தெருவுல வளர்த்த ஆயா, இவங்களுக்கெல்லாம் யாரும் நமக்காக எடுப்பைத் தள்ளிப் போட மாட்டாங்க. தள்ளிப் போடவும் கூடாது. அமெரிக்காவுல ஹெச்1பி-ல இருக்கற நம்ம பசங்க நிலைமை இன்னும் மோசம். 2025 டிசம்பர்ல ஸ்டாம்பிங் அப்பாயின்ட்மென்ட் மாசக்கணக்குல தள்ளிப் போனதும், ஊருக்கு வந்தவங்க திரும்ப முடியாம நின்னாங்க. அதைப் பார்த்துட்டு டிக்கெட்டையே கேன்சல் பண்ணவங்க இருக்காங்க.

லேட்டா துக்கம் கேக்கறது நம்ம கடற்கரைக்குப் புதுசும் இல்ல. பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் பக்கத்துலேர்ந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறைக்கு வேற வழியே கிடையாது. 1926-ல கட்டின 'ரஜூலா'ன்னு ஒரு கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு பல வருஷம் ஓடிச்சு. போய்ச் சேர கிட்டத்தட்ட ஒரு வாரம். 70-கள்ல அதே பாதைக்கு வந்த கப்பலோட பேர் என்ன தெரியுமா? 'எம்.வி. சிதம்பரம்'. பிரெஞ்சுக்காரங்ககிட்டேர்ந்து வாங்கின கப்பல் அது, முன்னாடி பேர் 'பாஸ்தேர்'. 1985 பிப்ரவரியில அதுல தீப்பிடிச்சுப் பயணிகள் பலர் இறந்துபோனாங்க, அதோட அந்தக் கப்பல் சேவையும் முடிஞ்சுது. கப்பல் காலத்துல ஊர்லேர்ந்து கறுப்பு பார்டர் போட்ட கருமாதிக் கடுதாசி அங்க போய்ச் சேர்றதுக்குள்ள இங்க எல்லாக் காரியமும் முடிஞ்சிருக்கும். படிச்சதும் கிழிச்சுப் போட்டுடுவாங்க, வீட்டுல வெச்சுக்க மாட்டாங்க. அப்புறம் மூணு வருஷமோ அஞ்சு வருஷமோ கழிச்சு ஊருக்கு வர்றப்ப, முதல்ல துக்க வீடு.

இப்ப சிதம்பரம் வீட்டுக்கு வரேன். அது என் நண்பனோட வீடு. அண்ணாமலைநகர்ல ஒண்ணா இன்ஜினியரிங் படிச்சோம். அவன் அப்பா பல்கலைக்கழக ஊழியர். 2013-ல அரசு அதை எடுத்துக்கிட்டதுக்கு அப்புறம், கூடுதலா இருந்த ஊழியர்கள்ல நிறைய பேரை வெளி மாவட்ட அரசு அலுவலகங்களுக்கு அனுப்பினாங்க, அதுல அவரும் ஒருத்தர். நாங்க படிக்கறப்ப வாரம் பூரா திண்டுக்கல்ல இருந்துட்டு, சனிக்கிழமை ராத்திரி கையில பூட்டு டப்பாவோட வருவார். "திண்டுக்கல் வரைக்கும் போயிட்டுப் பூட்டு வாங்காம வந்தா எப்படி?"ம்பார். அந்த வீட்டுல கதவைவிடப் பூட்டு அதிகம்.

நண்பனுக்கு வேலை கடலூர் சிப்காட்டுல, தினமும் சிதம்பரத்துலேர்ந்து பஸ். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. டிசம்பர் 2 விடியக்காலையில சாத்தனூர் அணையிலேர்ந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்து விட்டாங்க, பெண்ணையாறு ஊருக்குள்ள வந்துடுச்சு. எங்க வீட்டுக் கூடத்துல முழங்கால் தண்ணி. எங்க அப்பாவுக்கு மூட்டு வலி, வேகமா நடக்க முடியாது. நான் டொரண்டோவுல உக்காந்து நியூஸ் பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணிட்டிருந்தேன். அவன் தண்ணியில நடந்து போய் ரெண்டு பேரையும் கூட்டிட்டு, சிதம்பரத்துல அவன் வீட்டுல 4 நாள் வெச்சிருந்தான். அவன் அப்பா தன் கட்டிலை எங்க அப்பாவுக்குக் கொடுத்துட்டுக் கூடத்துல பாய் போட்டுப் படுத்தாராம்.

2025 ஜூன்ல அவர் இறந்துட்டார்.

நான் போனது ஏழு மாசம் கழிச்சு. என்னைப் பார்த்ததும் அந்த அம்மா, "வாப்பா, இப்பதான் வந்தியா"ன்னாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அவங்களே ஆரம்பிச்சாங்க. காலையில பால் பாக்கெட் வாங்கிட்டு வந்து, மோட்டார் போட்டுட்டு, நாற்காலியில உக்காந்திருக்கார். "டேங்க் நிரம்பித் தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு. இந்த மனுஷன் எழுந்து ஆஃப் பண்ணாம என்ன பண்றாருன்னு திட்டிக்கிட்டே வந்தேன்ப்பா." இதைச் சொல்லிட்டு அழுதாங்க. அப்புறம் திரும்ப முதல்லேர்ந்து, பால் பாக்கெட்லேர்ந்து சொன்னாங்க. ஒரு மணி நேரம். நண்பன் சுவர்ல சாய்ஞ்சு நின்னுக்கிட்டு இருந்தான், அவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம்.

லேட்டா போறது அரைகுறை மரியாதைன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 16-ம் நாள் காரியம் முடிஞ்சா வீடு காலியாயிடும். ஏழு மாசத்துக்கு அப்புறம் அந்த அம்மாகிட்ட "என்னம்மா ஆச்சு?"ன்னு கேக்க உள்ளூர்ல ஆள் கிடையாது, எல்லாருக்கும்தான் தெரியுமே. தெரியாதவனா ஒருத்தன் தூரத்துலேர்ந்து வந்து உக்காந்தாத்தான் அவங்க முழுசா சொல்ல முடியுது. முடிச்சிட்டு முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "உங்கப்பாவுக்கு மூட்டு வலி தேவலையா?"ன்னு கேட்டாங்க.

சொல்லிக்காம எழுந்து வந்தோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் கூட வந்தான். டீ குடிக்கறப்ப சாதாரணமா ஆரம்பிச்சான்: "டேய், உங்க கம்பெனியில எதாவது இருக்கா? கனடான்னாலும் சரி, பெங்களூருன்னாலும் சரி." அப்ப அம்மா? "விழுப்புரத்துல அக்கா வீட்டுக்குப் போயிடறேன்னு சொல்லிட்டாங்க. இந்த வீட்டுல இருக்க முடியலங்கறாங்க. பூட்டிட வேண்டியதுதான், பூட்டுக்கா பஞ்சம்?"

ரெண்டு பேரும் சிரிச்சோம். "ரெஸ்யூமே அனுப்புடா"ன்னேன். ஆனா அந்த நிமிஷம் என் தலைக்குள்ள ஓடினதையும் சொல்றேன். இவனும் கிளம்பிட்டா, அடுத்த டிசம்பர்ல பெண்ணையாறு வந்தா எங்க அப்பாவை யார் கூட்டிட்டுப் போவா? ஊரை விட்டு வந்த நாம நிம்மதியா லாகின் பண்றோம்னா, ஊர்ல ஒருத்தன் கிளம்பாம இருக்கான். அவனுக்கும் 28 வயசு, அதே டிகிரி. இருடான்னு சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்ல.

ராத்திரி அம்மாகிட்ட சொன்னேன். குழம்பைச் சூடு பண்ணிக்கிட்டே கேட்டாங்க. "நல்ல பையன், அவனும் நல்லா இருக்கணும்"னாங்க. கொஞ்சம் கழிச்சு, "அவனும் போயிட்டா..."ன்னு ஆரம்பிச்சு, அடுப்பை அணைச்சிட்டு உள்ள போயிட்டாங்க.

மறுநாள் காலையில மாடி வீட்டுக்காரர்கிட்ட எங்க வீட்டு ஸ்பேர் சாவியைக் கொடுத்தேன், ரெண்டு பேரோட நம்பரை அப்பா போன்ல முதல்ல வர மாதிரி சேவ் பண்ணேன். டொரண்டோ வந்த முதல் திங்கட்கிழமை அவனுக்கு ரெஃபரல் போட்டாச்சு. போன வாரம் முதல் ரவுண்டு முடிஞ்சுது, நல்லாப் பண்ணியிருக்கானாம். ரெண்டாவது ரவுண்டு வர்ற வியாழக்கிழமை.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.