மழை நாளில் கொல்லிமலை



காற்றும் மழையும் இடியும் தாக்கினும் எழில் மாறாதவள் கொல்லிப்பாவை என்பது நற்றிணையில் பரணர் கூற்று. அதனை இருபது ஆண்டுகள் வகுப்பில் விளக்கிய நான், அம்மலையைக் கண்டதில்லை. சென்ற ஐப்பசியில் தனியே புறப்பட்டேன். காரவள்ளியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அடைமழை. அறப்பளீசுவரரை வணங்கி, ஆகாய கங்கைக்கு இறங்கச் சென்றேன். 1,000-க்கும் மேற்பட்ட அப்படிகளின் வழி, வெள்ளப்பெருக்கால் அடைக்கப்பட்டிருந்தது. அருவியின் முழக்கத்தை மட்டும் கேட்டு நின்றேன்.

நனைந்து ஒதுங்கிய திண்ணையில் மூதாட்டி ஒருவர் சுக்குக் காப்பி தந்தார். "சாமைச் சோறு கிடைக்குமா பாட்டி?" என்றேன். "சாமைக்கு எங்க கண்ணு போறது? காடெல்லாம் மரவள்ளியாப் போச்சே" என்றார்.

உண்மைதான். தினையும் சாமையும் விளைந்த சரிவுகள் பலவற்றில் இன்று சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி நிற்கிறது. குறிஞ்சியின் கருப்பொருள் தினை என்று கரும்பலகையில் எழுதிய என் கை, ஒரு தினைக்கதிரையும் தொட்டதில்லை. அன்று நாணினேன்.

பாவை மாறாதிருக்கலாம், மலை மாறிவருகிறது. கவிஞர்களே, கொல்லியைப் பாடுமுன் ஒருமுறை அங்கே நனைந்து வாருங்கள். எஞ்சிய தினைப்புனத்தையும் தேடிக் காணுங்கள்.