அலுவலகத்தில் நற்பெயர்

உத்தியோகத்தில் அமர்ந்த ஒவ்வொருவரும் ஒரு நற்பெயரை விரும்புகிறோம். இதில் குற்றமொன்றும் இல்லை. ஊதியம் மாத இறுதியில் வந்து, மறு மாதம் முடிவதற்குள் செலவாகிவிடுகிறது. பெயரோ, நாம் வேறு பிரிவிற்கு மாற்றலாகிச் சென்ற பின்பும் பழைய நாற்காலியை விட்டு அகலாமல் நிற்கிறது. அப்பெயரை எவ்வாறு ஈட்டுவது என்பதைப் பற்றிச் சற்று நேரம் சிந்திப்போம்.

பெயரைத் தேடுவோர் பலர் முதலில் தோற்றத்தையே தேடுகின்றனர். நேர்த்தியான உடை, மேலதிகாரி வரும் வேளையில் மேசை நிறையக் கோப்புகள், பொழுது சாய்ந்த பின்பும் அணையாத விளக்கு ஆகியவற்றால் பெயர் வந்துவிடும் என்று எண்ணுகின்றனர். தூய உடை வேண்டியதே. காலம் தவறாமையும் வேண்டியதே. ஆயினும், மேலதிகாரியை ஆறு மாதம் மயக்கக்கூடிய தோற்றம், அடுத்த மேசையில் அமர்ந்திருப்பவரை ஆறு நாள் கூட மயக்குவதில்லை. நம் பெயரை நாள்தோறும் எழுதிக்கொண்டிருப்பவர் அவர்தாம்.

நாம் புது டில்லியில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிகிறோம். இத்தொழிலில் பெயர் என்பதே ஒரு விந்தையான பொருள். அறிவிப்பின் அடியில் அதிகாரியின் பெயர் அச்சாகிறது. அதனைத் தமிழாக்கியவரின் பெயர் எங்கும் வருவதில்லை. ஆங்கிலத்தையும் தமிழையும் அருகருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பவரும் அரியர். எனவே, நம் வேலை நன்றாயிருந்தாலும் தெரியாது. பழுதுபட்டாலும் எளிதில் தெரியாது. இவ்வாறு கண்ணுக்குத் தெரியாத வேலை செய்பவருக்கு நற்பெயர் எங்கிருந்து வரும்? இதற்கு விடையாக நமது அனுபவம் ஒன்றைக் கூறுவோம்.

மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர், தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் அளிக்க வேண்டும் என்பது நேயர்கள் பலரும் அறிந்ததே. மிக முதியவர்கள் கூட்டத்தில் நின்று வருந்தலாகாது என்பதற்காக, 80 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே அதனை அளிக்கலாம் என 2019ஆம் ஆண்டில் சலுகை வழங்கப்பட்டது. இச்சலுகையைக் குறித்த அறிவிப்பொன்று பின்னர் ஒருமுறை நம்மிடம் தமிழாக்கத்திற்கு வந்தது. மாலைக்குள் வேண்டும் என்றார்கள். “80 வயதிற்கு மேற்பட்டவர்கள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். சரிபார்த்தவரும் ஒப்பமிட்டார். அறிவிப்பு வெளியாயிற்று.

மூன்று வாரங்கள் கழித்து ஒரு தமிழ்க் கடிதம், ஆங்கிலத்தில் பெயர்ப்பதற்காக நம் மேசைக்கு வந்தது. ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு வயது 80. வாடகை வண்டி அமர்த்தி, மகனை விடுப்பு எடுக்கச் செய்து, சான்றிதழ் கொடுக்கப் போயிருக்கிறார். அங்கிருந்த எழுத்தர் தமிழ் அறிவிப்பைக் காட்டி, மேற்பட்டவர் என்றால் 81 என்று பொருள், நவம்பரில் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். “நான் எண்பதிலேயே நின்றுவிட்டது என் குற்றமானால் மன்னிக்கவும்” என்று கடிதத்தை முடித்திருந்தார் பெரியவர்.

அந்த எழுத்தர்மீது தவறில்லை. அவர் எழுதியிருந்ததைப் படித்தார், எழுதியது நாம். “80 வயது நிரம்பியவர்களும் அதற்கு மேற்பட்டவர்களும்” என்று இருந்திருக்க வேண்டும். ஒரு சொற்றொடரை விட்டோம். ஒரு முதியவரின் ஒரு நாளும் வண்டிக் கூலியும் போயின. இன்னும் எத்தனை பேரோ!

அப்போது நம் மனத்தில் ஓடிய எண்ணத்தை மறைப்பதற்கில்லை. அந்தப் பிரிவில் இரு மொழியும் அறிந்தவர் நாம் ஒருவரே. கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது, எழுத்தர் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது போல் ஒரு வாக்கியத்தைச் சற்றே சாய்த்து எழுதினால் போதும். பழி அங்கேயே தங்கிவிடும். பல ஆண்டுகளாக ஈட்டிய பெயர் கெடாது. அந்த வாக்கியத்தை மனத்திற்குள் அமைத்தும் பார்த்தோம். அது இலக்கணப் பிழையின்றி அழகாகவே அமைந்தது. அதைக் கண்டுதான் அச்சம் கொண்டோம்.

கடிதத்தை உள்ளவாறே பெயர்த்தோம். அதனுடன், தவறு தமிழாக்கத்தில் நேர்ந்தது, அதற்கு நாமே பொறுப்பு, திருத்த வாசகம் கீழே உள்ளது என்று ஒரு குறிப்பு எழுதி ஒப்பமிட்டு அனுப்பினோம். பிரிவு அதிகாரி நம்மை அழைத்தார். பாராட்டவில்லை. “முதலிலேயே ஒழுங்காக எழுதியிருக்கலாமே” என்றார். திருத்த அறிவிப்பு வெளிவருவதற்குள் நவம்பர் பிறந்துவிட்டது. பெரியவர் இரண்டாம் முறையும் போய் வந்திருந்தார். அவருக்கு வருத்தம் தெரிவித்து எழுதிய பதிலைத் தமிழில் அமைக்கும் பணியும் நமக்கே வந்தது. அதுவரை எழுதியவற்றுள் நாம் மிகுந்த நேரம் எடுத்துக்கொண்ட வாக்கியங்கள் அவையே.

அவ்வாண்டுச் செயல்திறன் மதிப்பீட்டில் நமக்குக் கிடைத்தது முன்னாண்டைவிடக் குறைவு. முற்காலத்தில் இவ்வறிக்கை இரகசியமாக இருந்தது. பாதகமான குறிப்புகளை மட்டுமே ஊழியருக்குத் தெரிவிப்பார்கள். 2008ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மத்திய அரசும் அவ்வாறே ஆணை பிறப்பித்தது. ஆகவே குறைந்த மதிப்பை நம் கண்ணாலேயே கண்டோம். வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் வேறொன்றும் நிகழ்ந்தது. நம்மைவிட இளையவரான சக ஊழியர் ஒருவர், தாம் எழுதியதை அனுப்புவதற்கு முன் நம்மிடம் கொண்டுவந்து, “இந்த இடம் எனக்கு ஐயமாக இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். அதற்கு முன் எவரும் தம் ஐயத்தை நம்மிடம் காட்டியதில்லை. பிழையே செய்யாதவர் என்ற பெயர் இருந்தவரை, பிறர் தம் பிழையை நம்மிடமிருந்து மறைத்தே வைத்தனர். பிழையை ஒப்புக்கொள்பவர் என்ற பெயர் வந்தபின், துணிந்து காட்டினர். இவ்விரண்டில் எந்தப் பெயர் அலுவலகத்திற்குப் பயன்படும் என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

அரசு ஊழியருக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் நேர்மையையும் கடமையில் ஈடுபாட்டையும் கேட்கின்றன. மரியாதைக் குறைவாக நடத்தலையும், வேண்டுமென்றே காலம் தாழ்த்தலையும் விலக்குகின்றன. நற்பெயருக்குரிய நடைமுறைகள் யாவும் இவற்றினுள் அடங்கும். வெள்ளிக்கிழமைக்குள் முடியாத வேலையை, முடியாது என்று திங்கட்கிழமையே சொல்லிவிடுவது நேர்மை. பிறர் தந்த நல்ல சொல்லை அவர் பெயராலேயே அதிகாரியிடம் கூறுவது நேர்மை. கோப்பைக் கொண்டுவரும் கடைநிலை ஊழியரிடமும் செயலாளரிடமும் ஒரே குரலில் பேசுவது மரியாதை. இல்லாதவரைப் பற்றி, இருப்பவரிடம் குறை கூறாதிருப்பது எல்லாவற்றிலும் கடினமானது. கேட்பவர், நாளை நம்மைப் பற்றியும் இவர் இப்படித்தானே பேசுவார் என்று உடனே கணக்கிட்டுவிடுகிறார்.

இன்று காகிதக் கோப்பு குறைந்து, கணினியில் கோப்பு நகர்கிறது. யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு என்ன எழுதினார் என்பது அதில் பதிவாகிவிடுகிறது. ஆயினும், எழுதாமல் விட்டதை எந்தக் கணினியும் பதிவு செய்வதில்லை. அந்தக் கணக்கை நாமே வைத்திருக்க வேண்டும். முகமறியாத ஒருவர் நம் சொல்லை நம்பி வண்டி அமர்த்திக்கொண்டு புறப்படுகிறார் என்பதை மறவாமல் ஒவ்வொரு நாளும் பேனாவை எடுப்போமாக.